ரோஸ் ஆகாத பால்

ஆம்பூரில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே வரியில் பதில் சொல்வதுண்டு. தோலுக்குச் சுண்ணாம்பு ஏற்றுவேன், பிறகு அதை இறக்குவேன். கேட்டவர் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார். இறக்கப் போவதை எதற்கு ஏற்ற வேண்டும் என்று யோசிக்கிற அளவுக்கு எங்கள் ஊரில் யாருக்கும் ஓய்வு கிடையாது. மயிர் உதிர்வதற்கும் தோல் உப்புவதற்கும் சுண்ணாம்பு வேண்டும். உதிர்ந்து உப்பிய பிறகு அது உள்ளே கொஞ்சம் தங்கினாலும் பின்னால் தோல் கெட்டுப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவில், தோல் பதனிடும் கம்பெனியில், முப்பது வருடமாக ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்கிறேன்.

சுண்ணாம்பு முழுதாக இறங்கியதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. தோலின் கழுத்துப் பக்கம் தடிப்பாக இருக்கும். அங்கே கத்தியால் ஒரு வெட்டு, வெட்டிய இடத்தில் இண்டிகேட்டர் மருந்து இரண்டு சொட்டு. நடுவில் ரோஸ் நிறத்தில் கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், தோல் போட்ட டிரம் இன்னும் சுற்ற வேண்டும். வெள்ளையாகவே இருந்தால் வேலை முடிந்தது. முதலாளி முதல் மூட்டை தூக்குகிறவர் வரை என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ரோஸா, இல்லையா? அந்தச் சொட்டு பாட்டில் எப்போதும் என் சட்டைப் பையில், மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் இருக்கும். பேனா வைத்திருக்கிறவர்களைவிட எனக்கு ஒரு படி மரியாதை அதிகம் என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

போன வருடம் என் மனைவி குழாயடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். வேலூரில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்புல பலமே இல்ல. கால்சியம் ரொம்ப கம்மி" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டிலா கால்சியம் கம்மி? போர் தண்ணீரில் வெந்நீர் வைக்கும் குண்டானின் அடியில் விரல் கனத்துக்கு வெள்ளை படிந்திருக்கும். குழாய் வாய் பாதி அடைத்துக்கொண்டிருக்கும். என் நக இடுக்கில் சுண்ணாம்பு, துவைத்த சட்டையிலும் சுண்ணாம்பு. போதாக்குறைக்கு அதற்கு முந்தைய வருடம் என் கிட்னியிலிருந்து ஒரு கல்லை எடுத்து, அது கால்சியம் கல் என்று ரிப்போர்ட்டும் கொடுத்து, கல்லையும் ஒரு குட்டி டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்திருந்தார்கள். அதை பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

"ஒரே வீட்ல எனக்கு ஜாஸ்தி, இவளுக்கு கம்மியா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒரே வீட்ல இருந்தா ஒரே ஒடம்பா?" என்றார் அவர். மாத்திரை எழுதினார். தினமும் இரண்டு டம்ளர் நல்ல பால் குடிக்கச் சொன்னார். நல்ல பால் என்பதை இரண்டு முறை சொன்னார், அதுதான் வினையாகிப்போனது.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள் தெருக்கோடியில் இரண்டு மாடு வைத்திருந்தாள். வயதான செவலை மாடு கறந்துகொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையுமான கலப்பின மாடு சினையாக இருந்தது. அவள் கணவன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், நினைத்தால் வருவான். காலையில் சைக்கிளில் கேனை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வருவாள். என்னை அண்ணா என்பாள். பாலில் குறை சொல்ல அதுவரை எனக்கு எந்தக் காரணமும் இருந்ததில்லை.

மாவுக்கட்டு போட்ட அடுத்த வாரம் ஒரு காலை, டம்ளரில் பாலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஊரான் தோலையெல்லாம் சோதிக்கிறோம், பெண்டாட்டி குடிக்கிற பாலைச் சோதித்தால் என்ன என்று தோன்றியது. இரண்டு சொட்டு விட்டேன். ரோஸ் ஆகவில்லை. இன்னும் நாலு விட்டேன். பால் பாலாகவே இருந்தது.

அன்று லீவு போட்டுவிட்டு வீட்டையே சோதனைச்சாலை ஆக்கினேன். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பில் விட்டேன், பளீரென்று ரோஸ். அவளுடைய கால்சியம் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து விட்டேன், லேசாக ரோஸ். துணி ஊறப்போட்ட சோப்புத் தண்ணீரில் விட்டேன், எல்லாவற்றையும்விட அழகான ரோஸ். என் கிட்னிக் கல்லை எடுத்துத் தேய்த்து விட்டேன், ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் கொடுத்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். என் சோதனை தவறாக இருக்கலாம் என்ற எண்ணம் அந்தப் பக்கமே வரவில்லை.

என் மனைவி கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்ட துணியில் போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்த்தாள். "அப்போ நான் துணி தொவைக்கிற தண்ணிய குடிச்சா எலும்பு கெட்டியாவுமா?" என்று கேட்டாள்.

"உனக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன்.

மறுநாள் காலை பால்காரம்மா கேனைத் திறக்கும்போதே தெருவில் இறங்கி நின்றேன்.

"இன்னாமா கலக்கற இதுல?"

"இன்னா அண்ணா இப்பிடி கேக்கறீங்க? ஒரு சொட்டு தண்ணிகூட ஊத்தறது இல்ல."

"தண்ணிய யார் கேட்டா? இதுல கால்சியமே இல்ல. பாரு." அவள் கண்ணெதிரே டம்ளரில் சொட்டு விட்டேன். "ரோஸ் ஆவுதா?"

அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பால் எதுக்கு அண்ணா ரோஸ் ஆவணும்?" என்றாள்.

இந்த விவகாரம் முழுவதிலும் யாரும் கேட்டதிலேயே புத்தியுள்ள கேள்வி அதுதான். ஆனால் அதற்குள் எதிர்வீடும் பக்கத்து வீடும் வெளியே வந்துவிட்டன, எனக்குக் குரல் ஏறிவிட்டது.

வேறு ஊராக இருந்தால் இந்தச் சோதனையைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு ஷூ கம்பெனி, மீதி வீடு தோல் கம்பெனி. சொட்டு விட்டுப் பார்த்தாயிற்று என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. சோதனையில் தோற்ற சரக்கைத் திருப்பி அனுப்பித்தான் எங்களுக்குப் பழக்கம். "டெஸ்ட்ல பால் பெயிலாயிடுச்சாம்" என்று எதிர்வீட்டு பாய் சொல்ல, அவர் வீட்டம்மா பக்கத்துத் தெருவுக்கு உருதுவிலும் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்குள் தெருவில் முக்கால்வாசிப் பேர் பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டார்கள். பாக்கெட் பாலை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை. அதில் அச்சடித்த எழுத்து இருக்கிறதே.

எனக்கோ தெருவில் நடந்தாலே மவுசு. ஒருவர் தேனைக் கொண்டுவந்தார், ஒருவர் கேழ்வரகு மாவை. ஒரு வீட்டில் புது மாப்பிள்ளை வாங்கிவந்த சத்து மாவை ரகசியமாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நானும் சளைக்காமல் சொட்டு விட்டேன். எதுவும் ரோஸ் ஆகவில்லை. உலகமே கலப்படம் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.

பால்காரம்மா ஒரு சாயங்காலம் தனியாக வந்து வாசலில் நின்றாள். சத்தம் போடவில்லை.

"அண்ணா, இந்தத் தெருவு ஊடுங்கள நம்பித்தான் செனை மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டு இருந்தேன். இப்போ அதுக்குப் பாதிதான் போடறேன். அது கன்னு போடற வரைக்குமாவது வாங்கச் சொல்லுங்க. அந்த மாட்ட உட்டா எனக்கு வேற இன்னா இருக்குது?"

"டெஸ்ட்ல பாஸ் ஆவட்டும், வாங்கச் சொல்றேன்" என்றேன். இதை எழுதும்போது எனக்கு என் கையைப் பார்க்கக்கூட வெட்கமாக இருக்கிறது. அன்று இல்லை. அன்று நியாயமாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளே போய் டிவி பார்த்தேன்.

தெருவையே சோதித்ததில் பாட்டில் சீக்கிரம் காலியானது. எங்கள் கம்பெனி லேபில் ஒரு கெமிஸ்ட் பெண் இருக்கிறார். குடியாத்தத்திலிருந்து தினமும் வந்துபோகிறவர். இரண்டாவது முறை மருந்து கேட்டுப் போனபோது, "இவ்ளோ சீக்கிரம் எப்பிடிண்ணா தீர்ந்துச்சு?" என்று கேட்டார். நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அண்ணா, இது கால்சியத்தைக் காட்டாது. காரத்தைத்தான் காட்டும். சுண்ணாம்பு காரம், அதனால ரோஸ். சோப்புத் தண்ணியும் காரம், அதுவும் ரோஸ். சோப்புல எங்கண்ணா கால்சியம் இருக்குது?"

"அப்போ பால்?"

"பால்ல காரம் இல்ல. கால்சியம் நெறைய இருக்குது. உங்க கிட்னிக் கல்லுலயும் இருக்குது."

முப்பது வருடம் ஒரு பொருளோடு குடித்தனம் நடத்திவிட்டு அதன் முகத்தையே பார்த்ததில்லை என்றால் எப்படி இருக்கும்? லேபுக்கு வெளியே அடுக்கியிருந்த சுண்ணாம்பு மூட்டைகளை அவர் காட்டினார்.

"இது ஒரு காலத்துல கடல்ல கிளிஞ்சலா இருந்தது. கடலுக்கு அடியில படிஞ்சு படிஞ்சு கல்லாச்சு. கல்லைச் சூளைல வேகவெச்சு இங்க கொண்டாந்தாங்க. நீங்க தோல்ல ஏத்தி எறக்கறீங்க. மலைல இருக்கற கல்லு மழைல கரையுது, மண்ணுக்கு வருது, புல்லுக்குப் போவுது, மாட்டுக்குப் போவுது. மாடு பால்ல குடுக்குது, நம்ம எலும்புக்கு வருது. மிச்சம் ஆத்தோட போயி மறுபடியும் கடல்ல கிளிஞ்சலாவுது. போற எடத்துல எல்லாம் ரோஸா நின்னு காட்டுமாண்ணா?"

அது என் டிரம்மில் மட்டும்தான் ரோஸ் சட்டை போட்டுக்கொள்கிறது. நானோ உலகம் முழுக்க அதே சட்டையில் அதைத் தேடியிருக்கிறேன். பாலாறு பக்கம் மழை பெய்தால் மலையும் கொஞ்சம் கரைந்து வருகிறது என்பது, அந்தத் தண்ணீரின் வெள்ளையைக் குண்டானில் தினமும் சுரண்டுகிற எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று சாயங்காலமே தெருவில் நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாட்டில் தீர்ந்துவிட்டது, கம்பெனியில் தருவதில்லை என்று பொய் சொல்லி சோதனைகளை மட்டும் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன், ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு பாய் ஊரில் இல்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. தெருவில் கிடைத்த மவுசு போய்விடும் என்ற பயம். வீட்டில் மட்டும் டீயைக் குடித்துவிட்டு, "பாக்கெட் பால் டீயே தனி ருசிதான்" என்று சும்மா இருக்க முடியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பால்காரம்மா எங்கள் வாசலைக் கடக்கும்போது மணி அடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, தெருக்கோடியில் அழுகுரல் கேட்டது. மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கன்னு போட்ட மாடு உழுந்து கெடக்குது. எழுந்து போங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

கலப்பின மாடு கொட்டகையில் படுத்திருந்தது. கழுத்தை வளைத்து முகத்தை வயிற்றுப் பக்கம் வைத்திருந்தது. இரண்டு நாள் முன்பு பிறந்த கன்று பக்கத்தில் நின்று தாயை முட்டியது, தாய் அசையவில்லை. பால்காரம்மா அதன் காதைத் தேய்த்துக்கொண்டே அழுதாள். காதைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். கால்நடை டாக்டருக்கு எதிர்வீட்டு பாய் போன் செய்திருந்தார்.

டாக்டர் வந்து ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "பால் காய்ச்சல்" என்றார். பையிலிருந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்து வெந்நீரில் வைக்கச் சொன்னார். "ஒடம்புல கால்சியம் தீர்ந்துபோச்சு. பேருதான் காய்ச்சல், ஒடம்பு ஜில்லுன்னு ஆயிடும். விட்டா செத்துடும்."

"கால்சியம் எங்க சார் போச்சு?" என்று கேட்டது நான்தான்.

"எங்க போவும்? பால்லதான். கன்னு போட்டதும் மாடு மொத்தத்தையும் பால்ல தள்ளும். எலும்புலேர்ந்து எடுத்துக் குடுக்கறதுக்குள்ள ரத்தத்துல இல்லாம போயிடும். நல்லா கறக்கற மாட்டுக்குத்தான் இது வரும்." பால்காரம்மாவிடம் திரும்பினார். "தீவனம் சரியா போட்டியாமா?"

"ஒரு மாசமா கம்மி பண்ணிட்டேன் சார்" என்றாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அதனாலயும் இருக்கலாம். நல்லா போட்டாலும் வர்றது உண்டு" என்றார் டாக்டர். அந்த இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க அன்றும் பார்த்தேன், இன்றும் சில நாள் பார்க்கிறேன். முடிவதில்லை.

கழுத்து நரம்பில் ஊசி ஏற்றிவிட்டு, பாட்டிலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். நான் வாங்கிக்கொண்டேன். சீக்கிரம் இறங்கட்டும் என்று கையை முழுதாகத் தூக்கினேன்.

"எறக்கிப் புடிங்க. வேகமா போனா இதயம் நின்னுடும்" என்றார்.

நெஞ்சு உயரத்தில் பிடித்தேன். குமிழி குமிழியாக இறங்கியது. தண்ணீர் மாதிரி தெளிவாக, எந்த நிறமும் இல்லாமல். என் வாழ்நாளில் கால்சியத்தை ஒரு உயிருக்குள் ஏற்றியது அந்த ஒரு தடவைதான். மற்றதெல்லாம் செத்ததற்கு ஏற்றியது. பாட்டில் பாதியாகும்போது மாட்டின் தோள் நடுங்கியது. ஏப்பம் விட்டது. சாணி போட்டது. கழுத்தை நிமிர்த்தியது. பாட்டில் முடிந்து கொஞ்ச நேரத்தில் முன்னங்காலை ஊன்றி, தடுமாறி, எழுந்து நின்றது. கன்று ஓடிப்போய் மடியில் வாய் வைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை, கையில் காலி பாட்டில்.

அங்கேயே சொல்லிவிட்டேன். "பால்ல ஒரு கொறையும் இல்ல. என் டெஸ்ட்தான் தப்பு. எனக்கு மூணு வாரமா தெரியும்."

பால்காரம்மா மாட்டின் கழுத்தில் ஊசி குத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மொதல்லயே தெரியும் அண்ணா. மாட்டுக்கும் தெரியும். தெருவுக்குப் போயி சொல்லுங்க" என்றாள்.

வீடு வீடாகப் போனேன். பால் கெட்டது என்ற செய்தியை நான் தெருவில் ஒரு தடவைதான் சொன்னேன், அது தானாகத் தெரு முழுக்கப் போனது. நல்லது என்ற செய்தியை ஒவ்வொரு வீட்டுக்கும் நானே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. "அதான் மாடே சீக்குல உழுந்துதே" என்றார்கள். "பாக்கெட்டுக்குப் பழகிட்டோம்" என்றார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "பாவம் பார்த்துச் சொல்றீங்க, புரியுது" என்றார். எதிர்வீட்டு பாயும் இன்னும் இரண்டு வீடும்தான் திரும்பின.

கடைசியாக என் வீட்டில் சொன்னேன். "நாளைலேர்ந்து நாமளும் அவகிட்டயே வாங்கலாம்."

"நான் எப்ப நிறுத்தினேன்?" என்றாள் மனைவி. தினமும் நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு பின்பக்கமாகப் போய்ச் செவலை மாட்டுப் பாலை வாங்கி வந்திருக்கிறாள். நான் புகழ்ந்து குடித்த டீயும் அந்தப் பால்தான்.

மாவுக்கட்டு பிரித்த அன்று டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முறிந்த இடத்தில் மேகம் மாதிரி வெள்ளையாக ஏதோ சேர்ந்திருந்தது. "நல்லா கூடியிருக்குது. பால் ஒழுங்கா குடிச்சீங்களா?" என்றார். மனைவி என்னைப் பார்க்காமல் தலையாட்டினாள். அந்த வெள்ளையை நான் வெகுநேரம் பார்த்தேன். ஏதோ ஒரு மலையில் கரைந்து, எங்கோ ஒரு புல்லில் ஏறி, செவலை மாட்டின் வழியாக வந்து அங்கே உட்கார்ந்திருந்தது.

திரும்பி வரும்போது தெருக்கோடிக் கொட்டகையில் ஒரு மாடும் கன்றும்தான் இருந்தன. மிச்சமிருந்த சில வீட்டுப் பாலுக்கு இரண்டு மாடு கட்டிக் காப்பாற்ற முடியவில்லை. வியாபாரி காலையிலேயே வண்டி கொண்டுவந்து செவலையை ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்று பால்காரம்மா சொன்னாள். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. வயதான மாடு எங்கே போகும் என்பது இந்த ஊரில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை.

எங்கள் கம்பெனிக்குத் தோல் உப்புப் போட்டு மடித்து வரும். சுண்ணாம்பில் ஊறி மயிர் உதிர்ந்த பிறகு செவலை, கறுப்பு என்று எதுவும் கிடையாது, எல்லாம் ஒரே வெள்ளை. இப்போதும் தினமும் கழுத்துப் பக்கம் வெட்டிச் சொட்டு விடுகிறேன். டாக்டர் ஊசி ஏற்றிய அதே இடம். நடுவில் ரோஸ் கோடு வரும்.

"இன்னும் இருக்குதா?" என்று டிரம் ஓட்டுகிற பாய் கேட்பார்.

"இருக்குது பாய், இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்பேன். முன்னெல்லாம் வெட்டிய தோலை அப்படியே டிரம்முக்குள் எறிந்துவிடுவேன். இப்போது எறிய மனம் வருவதில்லை, இரண்டு கையாலும் பிடித்து உள்ளே விடுகிறேன்.